பிடி அரிசியும் பிள்ளை ஜெபமும்

விளக்கு வைக்கிற நேரத்தில் நம் வீடுகள் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும், சகோதரிகளே? அடுப்பில் குழம்பு கொதிக்கும். ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் முழிக்கும்; இன்னொன்று செல்போனைக் கீழே வைக்காது. வீட்டுக்காரர் மில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வண்டியை நிறுத்துவார். "இந்த அமளியில குடும்ப ஜெபம் எங்கேக்கா நடத்துறது? அதான் ஞாயிறு பள்ளிக்கு அனுப்புறோமே, போதாதா?" என்று மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு இளம் தாயார் கேட்டார்.

போதாது என்பதுதான் என் அபிப்பிராயம். ஞாயிறு பள்ளி வாரத்துக்கு ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை நம் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதானே திரிகிறது!

நம் பக்கத்துக் கதையையே பாருங்கள். ராக்லண்ட் ஐயர் 1854-ல் வடதிருநெல்வேலிச் சீமைக்கு வந்து, கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணினார். 1858-ல் சிவகாசியில் காலமாகிவிட்டார். நாலே வருஷம். கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் அடுத்த ஊருக்குப் போன பிறகு அந்த விசுவாசத்தை அணையாமல் காத்தது யார்? அடுப்படியில் இருந்த தாய்மார்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் அப்போஸ்தலரும் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தானே பேர் சொல்லி நினைக்கிறார்!

அன்னாள் சத்தியநாதன் என்ற அம்மையாரைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். சென்னையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியதோடு, வெளியே வர முடியாத பெண்களுக்கு வீடு தேடிப் போய்ப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளை வளர்ப்பைப் பற்றி 'நல்ல தாய்' என்று தமிழிலே ஒரு புத்தகமே எழுதினார். 1878-ல் மறைந்தார். பெண்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதே அபூர்வமான அந்தக் காலத்தில், தாய்க்கென்று ஒரு புத்தகம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே!

சரி, வீட்டில் எதிலிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் அரிசியிலிருந்து என்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சமையல்கட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னில் போடவேண்டும். சேர்ந்ததை மாதக் கடைசியில் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்துவிடுவோம். எங்கள் பாட்டிமார் காலத்துப் பழக்கம் இது. 1903-ல் அசரியா அவர்களும் மற்றவர்களும் சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்களே, நம்மவர்களே காசு போட்டு, நம்மவர்களையே ஊழியத்துக்கு அனுப்பிய சங்கம் அது. பிடி அரிசி எடுத்து வைத்த கைகளுக்கு அப்படிக் கொடுப்பது பழகின வேலைதானே!

பிடியைப் பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள். சின்னக் கை, பாதி தரையில் சிந்தும், சிந்தட்டும். "இது யாருக்கும்மா?" என்று கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தானே டின்னே வைத்திருக்கிறோம்! இன்னொன்று: நாம் பொன்னி சாப்பிட்டுக்கொண்டு டின்னுக்கு மட்டும் ரேஷன் அரிசி போட்டோமானால், பிள்ளை ஒன்றும் பேசாது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும். (வண்டு வராமலிருக்க நாலு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள்.)

எங்கள் ஊரில் வேறொரு கேள்வியும் வரும். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடும்; மார்கழி விடியலில் திருப்பாவை கேட்கும். பள்ளித் தோழிகள் எல்லாரும் போக, "நாம ஏன்மா போகல?" என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். நாம் கும்பிடுவது யாரை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த வீட்டாரைக் குறைவாகப் பேசாமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தால் சாப்பிடலாமா என்பதில் நம் சபையாருக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. கொரிந்து சபையிலேயே இருந்த விவகாரம்தான். அவரவர் மனச்சாட்சிப்படி செய்துகொள்ளுங்கள். ஆனால், கொண்டுவந்த மாமியின் எதிரில் பிள்ளை முகம் சுளித்தால், அந்த ஒரு சுளிப்பு போதும், நாம் சொல்லிக் கொடுத்த அன்பெல்லாம் அடிபட்டுப் போகும்.

ஜெபத்துக்கு வருகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தால் குழந்தை சாமியாடத் தொடங்கிவிடும், அப்புறம் அதட்டல்தான் நடக்கும். கீர்த்தனையில் ஒரு சரணம், வேதத்தில் நாலு வசனம், ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம். பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஜெபத்தைப் பிள்ளையைத் திட்டுவதற்கு ஒரு வழியாக்கவே கூடாது. "ஆண்டவரே, கணக்கில் நாற்பது மார்க் வாங்கின இந்தப் பையனுக்கு நல்ல புத்தி கொடும்" என்று வேண்டுகிற தகப்பன்மார் எத்தனை பேர்! அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு என்ன நினைப்பான்?

ராஜபாளையத்தில் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் மாமனார், நெஞ்சுச் சளி முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். எட்டு வயதுப் பேரன் தினமும் தாத்தாவுக்காக ஜெபம் பண்ணினான். தாத்தா வீடு திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் ஒருவர், "இன்னும் விசுவாசமா ஜெபிச்சிருக்கணும்" என்று குழந்தை காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பையன் குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை; அவன் முறை வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வான்.

நான் பஸ் ஏறிப் போனேன். "ஏன் பெரியம்மா, நான் சரியா கேக்கலையா?" என்றான். ஒரு பிள்ளைத் தலையில் சுமத்துகிற பாரமா அது? "நீ சரியாத்தான்டா கேட்டே. தாத்தா ஏன் பிழைக்கலைன்னு பெரியம்மாவுக்கும் தெரியலை" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் நமக்கு என்ன குறைச்சல்? அப்புறம் கெத்செமனே தோட்டத்துக் கதையைச் சொன்னேன். இயேசு அந்த ராத்திரி முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று ஒரு தடவை அல்ல, மூன்று தடவை ஜெபித்தார், அது நீங்கவில்லை என்றேன்.

"அவர் கேட்டுமா?" என்றான். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

தங்கையிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்: "அவன் முறை வந்தா கொஞ்சம் காத்திரு, பேசலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடு. கட்டாயப்படுத்தாதே, கெஞ்சாதே." நாலு மாசம் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் தன் முறை வந்தபோது, "தாத்தாவைக் கொடுத்ததுக்காக ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொன்னானாம். இப்போதும் சில நாள் சொல்வான், சில நாள் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தில் இருக்கிற தங்கச்சியைக் கை காட்டுவான். தங்கை ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் அந்த நாலு மாசத்திலும் டின்னில் அரிசி போடுவதை மட்டும் அவன் ஒரு நாளும் விடவில்லையாம்.