மணிக்கணக்கு படிப்பாகாது



"பையன் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் படிக்கிறான் சார். அப்பவும் மூணு அரியர். அவனுக்குப் படிப்பு வரல, அவ்வளவுதான்." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பத்து மணி நேரமும் அவன் என்ன செய்தான் என்று யாராவது கேட்டீர்களா? செக்குமாடும்தான் நாள் முழுக்க நடக்கிறது. எந்த ஊர் போய்ச் சேர்ந்தது?

'பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதிலும் மேதை ஆகலாம்' என்று மேடைதோறும் பேசுகிறார்கள். மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய புத்தகத்தால் பரவிய பேச்சு இது. அதற்கு அடிப்படையாக இருந்தது, உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை. ஆனால் எரிக்சனே இந்த 'விதி'யை மறுத்தார். பத்தாயிரம் என்பது சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி மட்டுமே. அவர் வலியுறுத்தியது பயிற்சியின் தன்மையை. எது வரவில்லையோ அதைத் தனியே பிரித்தெடு, முழுக் கவனத்தோடு செய், தவறை உடனே தெரிந்துகொள், திருத்தி மறுபடி செய். அந்தச் சிறந்த மாணவர்கள் நன்றாகத் தூங்கவும் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நம் பிள்ளைகள் செய்வது என்ன? மஞ்சள் மையால் பக்கம் முழுக்கக் கோடு. தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பு. தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்து, "புரிஞ்சிடுச்சு" என்று ஒரு திருப்தி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, மறுபடி வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார் என்று நாங்கள் தொண்டை வற்றக் கத்தியது சும்மா இல்லை.

இன்னொன்று. எரிக்சனின் பழைய ஆய்வொன்றில், ஏழெட்டு இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்க முடிந்த கல்லூரி மாணவர் ஒருவர், இருநூறு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து எண்பது இலக்கங்கள் வரை சொன்னார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறில் நின்றுவிட்டார். எதைப் பழகுகிறோமோ அதுதான் வரும். புரோகிராமிங் வீடியோ பார்த்தால் வீடியோ பார்க்கத்தான் வரும். நேர்முகத் தேர்வில் பேச வேண்டுமானால் வாய்திறந்து பேசிப் பழக வேண்டும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தவறு எங்கே என்று தெரியாமல் எப்படித் திருத்துவது? பல பல்கலைக்கழகங்களில் தன் விடைத்தாளின் நகலைப் பார்க்கவே மாணவன் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் கையில் கொடுத்து 'முன்னேறு' என்றால், கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதுதான் அது. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, மாதத் தேர்வுத் தாளிலாவது பிழைக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

"எல்லாருக்கும் ஒரே வசதியா சார்?" என்று கேட்பீர்கள். இல்லைதான். மாலையில் கடை வேலைக்குப் போய்விட்டு வந்து படிக்கும் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் எங்கே கிடைக்கும்? அவனுக்குத்தான் இந்த முறை அதிகம் தேவை. கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வராத இரண்டு கணக்கைப் புத்தகம் பார்க்காமல் போட்டு, விடையோடு ஒப்பிட்டு, சறுக்கிய படியை மட்டும் நாளைக்கு மறுபடி போடட்டும்.

வீட்டின் முதல் பட்டதாரியாக வேண்டிய பிள்ளை, முறை தெரியாமல் தோற்றுவிட்டு "எனக்கு மூளை இல்லை" என்று முடிவு கட்டுகிறான். நாமும் தலையாட்டுகிறோம். என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

இனி வீட்டில் "எத்தனை மணி நேரம் படிச்ச?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு எங்க தப்பு வந்துச்சு? அதை எப்படிச் சரி பண்ணின?" என்று கேளுங்கள்.