அப்பா வழி மறந்தால் எங்கே தேடுவீர்கள்? இந்தியாவிடம் இல்லாத ஒரு கணக்கு

"அப்பா டீக்கடைக்குத்தான் போனாரு. இன்னும் வரல." ஊரிலிருந்து அம்மாவின் போன். நீங்கள் பெங்களூருவில் ஆபீஸில் இருக்கிறீர்கள். யாரைக் கூப்பிடுவீர்கள்? எங்கே தேடச் சொல்வீர்கள்?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான லாசி-டேட் ஆய்வு மதிப்பிட்டது. நகரங்களைவிட கிராமங்களில் இந்த விகிதம் அதிகம். உங்களில் பலரின் பெற்றோர் இருப்பதும் அங்கேதான்.

தெரிந்த தெருவிலேயே ஏன் தொலைகிறார்கள்?

நாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்பதை மூளையில் சில செல்கள் வரைபடம் போலக் குறித்துக்கொள்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்த ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோருக்கு 2014-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தச் செல்கள் இருக்கும் ஹிப்போகாம்பஸ், என்டோரைனல் கார்டெக்ஸ் பகுதிகளைத்தான் அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. அதனால்தான் பேரனின் பெயர் ஞாபகம் இருக்கும்போதே, 40 வருஷம் நடந்த தெரு புதுசாகத் தெரியலாம். 'வயசாச்சுல்ல' என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். முதல் முறை வழி தப்பியதுமே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணினால் என்ன கிடைக்கும்?

டிமென்ஷியாவால் காணாமல் போவோரை ஜப்பான் காவல்துறை 2012 முதல் தனியாகக் கணக்கிடுகிறது. அந்த ஆண்டு 9,607 பேர். 2024-ல் 18,121 பேர். 2024-ல் 491 பேர் சடலமாகக் கிடைத்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர், காணாமல் போன இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்தான் இருந்தார்கள். எங்கே தேட வேண்டும் என்பதற்கான விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் காணாமல் போனோரை ஆண், பெண், குழந்தை என்று பிரித்துத் தருகிறது. டிமென்ஷியாவுக்கு அதில் இடமில்லை. சட்டம் இல்லாமலும் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 'மனநோய்' வரையறையில், நினைவாற்றலையும் இடம், காலம் அறியும் திறனையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகள் வருகின்றன. அப்படிப்பட்ட ஒருவர் வழியில் திரிவதைக் கண்டால் எஃப்ஐஆர் போட்டு, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது காவல் நிலையத்தின் கடமை என்று பிரிவு 100 சொல்கிறது. ஆனால் எத்தனை பேர் தொலைகிறார்கள், எத்தனை பேர் கிடைக்கிறார்கள் என்ற எண் இல்லாதபோது, அந்தக் கடமை நிறைவேறுகிறதா என்று எதை வைத்துக் கேட்பது?

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை

• சமீபத்திய போட்டோ ஒன்றை உங்கள் போனில் வைத்திருங்கள். பழைய வீடு, பழைய வேலை இடம் ஆகியவற்றின் முகவரிகளையும் எழுதி வையுங்கள். பலர் அங்கேதான் கிளம்புகிறார்கள்.

• போன் நம்பர் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வையுங்கள். அம்மாவுக்கு என்றால் வளையலில் பொறிக்கலாம்.

• டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பக்கத்து வீட்டில் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

• காணவில்லை என்றால் உடனே 112. 24 மணி நேரம் காத்திருக்கணும் என்று சட்டம் எதுவும் இல்லை. முதியோர் உதவி எண்: 14567.

• முதலில் பக்கத்தில் தேடச் சொல்லுங்கள்: புதர், கால்வாய் ஓரம், பூட்டாத கட்டடம். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் பதில் சொல்லாமல் இருக்கலாம். அதனால் கண்ணால் பார்த்துத்தான் தேட வேண்டும்.

புகார் கொடுக்கும்போது 'டிமென்ஷியா இருக்கு' என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் நாளைக்கு எண்ண முடியும்.