குரலுக்கும் ஓய்வு வேண்டும்

மன்னார்த் தீவிலும் மாதோட்டத்திலும் வாழ்வோருக்குக் குரலின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரவிரவாகப் பாடி ஆடும் நாட்டுக்கூத்து மரபு அங்கு நெடுங்காலமாக நிலவுவது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘என்றீக் எம்பரதோர்’ நாடகம் அம்மரபின் செல்வங்களுள் ஒன்றாகும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்த வெளியில், மத்தள முழக்கத்தையும் மீறி விடியும்வரை ஒலித்த குரல்கள் அவை. அத்துணை உழைப்பையும் குரல் எவ்வாறு தாங்கிற்று?

விடையைக் கூத்தின் அமைப்பிலேயே காணலாம். நடிகர் ஓரடியைப் பாடி நிறுத்தப் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். அவ்வேளையில் நடிகரின் குரல் இளைப்பாறும். அண்ணாவியாரிடம் பலநாட் பழகிய பின்னரே அவர் மேடையேறுவதால், குரலும் படிப்படியாக உரம் பெற்றிருக்கும். பயிற்சியும் ஓய்வும் ஆகிய இவ்விரண்டுமே குரலைக் காக்கும் வழிகள்.

நம் குரல்வளையினுள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. பெண்கள் பேசும்போது அவை வினாடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆண்களுக்கு இது சற்றேறக்குறைய 120. ஓர் ஆசிரியை 40 நிமிடம் இடைவிடாது பேசினால் அம்மோதல்கள் நாலரை இலட்சத்தைத் தாண்டும்! அவருக்கோ, கரையில் மீன் ஏலம் கூறுபவருக்கோ பிற்பாட்டுக்காரர் இல்லை. ஆகவே ஓய்வைத் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும். மாணவரை வாசிக்கச் செய்யலாம். தூரத்தில் நிற்பவரைக் கூவி அழையாது அருகிற் சென்று பேசலாம்.

நாம் பருகும் எதுவும் குரல்நாண்களை நேரே தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே சென்றுவிடும். மல்லிக் குடிநீர் தொண்டைக்கு இதம் தருவது உண்மையே. ஆயினும் உடலில் நீர் குறையாதிருந்தாற்றான் நாண்களின் மேலுள்ள மென்படலம் ஈரமாயிருக்கும். மன்னாரின் வெயிலிலும் வறண்ட காற்றிலும் உழைப்போர் தாகம் எடுக்குமுன்னரே சிறிது சிறிதாக நீர் பருகுவது நன்று. நீராவியோ மூச்சுடன் சென்று நாண்களை அடையும். பீடி, சுருட்டு, சிகரெட்டின் புகையும் அவ்வழியே சென்று அவற்றைப் புண்படுத்தும்.

அடிக்கடி தொண்டையைச் செருமுதலும் தீது. செருமத் தோன்றும்போது ஒருமிடறு நீரை விழுங்குக. குரல் கம்மியபோது கிசுகிசுத்துப் பேசுவதை ஓய்வென்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் குரல்வளையை வருத்தக்கூடும். மௌனமே மெய்யான ஓய்வு.

இறுதியாக ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். சளியினால் வரும் தொண்டைக்கட்டு ஓரிரு வாரங்களில் நீங்கிவிடும். மூன்று வாரங் கடந்தும் குரல் தெளியாவிடின் கைவைத்தியத்தோடு காலங்கழித்தல் ஆகாது. ஓயாது கத்தும் சிறுவர்க்கு நாண்களிற் சிறு முடிச்சுகள் தோன்றியிருக்கலாம். முதியோர்க்கு, சிறப்பாகப் புகைபிடிப்போர்க்கு, அது குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். தொடக்கத்திற் கண்டறிந்தால் அந்நோயைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம், குரலையும் காக்கலாம். வீட்டில் எவருக்கேனும் குரல் நெடுநாள் கம்மியிருப்பின், இவ்வாரமே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.