படிதோறும் பாராட்டு

அலிபிரியில் தொடங்கித் திருமலைக்கு ஏறும் நடைவழியில் ஏறத்தாழ 3550 படிகள் உள்ளன. அடியார்களுள் சிலர் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறுகின்றனர். மலையுச்சியே அவர்களின் இலக்கு. ஆயினும் இடையிலுள்ள ஒரு படியையும் அவர்கள் புறக்கணிப்பதில்லை. சாரணர் விழாக்களை நடத்துவோர் இக்காட்சியிலிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு.

பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் தோன்றியது. அதில் மாணவர் அடையும் நிலைகள் பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் எனப் பெயர் பெறும். சோபான் என்பதற்குப் படி என்பதே பொருள். இவற்றைக் கடந்தோர் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கும், பின்னர்க் குடியரசுத் தலைவர் விருதுக்கும் முயல்வர். பெரிய விருதுகளுக்கு மேடையும் மாலையும் கிடைக்கின்றன. முதற்படி ஏறிய மாணவருக்கோ சின்னத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. இது முறையன்று. முதற்படியில் பெறும் ஊக்கமே அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும்.

படிதோறும் விழா எடுத்தால் பாடவேளை வீணாகாதா எனச் சிலர் வினவலாம். நல்ல விழாவிற்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டுவதில்லை. கொடியேற்றும் வேளையில் பத்து நிமிடம் போதும். ஆனால், மாணவரின் பெயரோடு அவர் செய்த செயலும் அனைவரும் கேட்க உரைக்கப்பட வேண்டும். சித்தூரில் ஒரு மாங்கன்றை நட்டுக் கோடை முழுதும் நீர் வார்த்துக் காத்தவர், திருப்பதியில் கூட்டத்தில் தவித்த முதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் எனச் செயலைச் சுட்டும்போதுதான் சின்னம் பொருள் பெறும்.

குருளையர் படையிலிருந்து சாரணர் படைக்குச் செல்லும் நாள் இன்னும் கருத்துடன் நடத்தத்தக்கது. நேற்றுவரை குருளையருள் மூத்தவனாக இருந்த பத்து வயதுச் சிறுவன், இன்று சாரணருள் இளையவனாகிறான். அவன் உள்ளத்தில் பெருமையும் அச்சமும் ஒருங்கே இருக்கும். குருளையர் ஒருபுறம் நின்று விடைகொடுக்க, அவன் திடலைக் கடந்து நடக்கட்டும். மறுபுறமிருந்து அணித்தலைவர் எதிர்வந்து, சாரணர் மரபுப்படி இடக்கை குலுக்கித் தம் அணியில் சேர்த்துக்கொள்ளட்டும். புதிய இடத்தில் தன்னை எதிர்நோக்கி ஒருவர் இருக்கிறார் என்னும் உணர்வே அச்சத்தை அகற்றும்.

உறுதிமொழியை மாணவர் தமக்கு விளங்கும் மொழியில் கூறுவது நன்று. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இப்பகுதியில் இது எளிதே. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1915இல் கல்லூரி நிறுவிய அன்னி பெசன்ட் அம்மையார், மறு ஆண்டே சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சாரணர் சங்கம் தொடங்கினார். அச்சங்கத்தில் இந்தியத் தலைப்பாகைக்கும் இந்தியப் பாடல்களுக்கும் இடமளித்தார். மண்ணோடு பொருந்திய சடங்கே மனத்தில் நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

விருந்தினரை அழைப்பதில் தவறில்லை. ஆனால், அவர்தம் நீண்ட உரைக்காக மாணவர் வெயிலில் காத்து நிற்பது விழாவின் நோக்கத்தையே மறைத்துவிடும். வீடு திரும்பும் மாணவர், தாம் எச்செயலுக்காகப் பாராட்டப்பெற்றார் என்பதைப் பெற்றோரிடம் தெளிவாகக் கூற முடியுமாயின், அதுவே சிறந்த விழா.