உள்ளே யாருங்க?

நம்ம ஊரில் ரோடு கிராஸ் பண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித் தர மாட்டார்கள். கையை லேசாக நீட்ட வேண்டும். கூடவே வண்டி ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தால் ஒரு எட்டு வைக்கலாம். முறைத்தால் நின்றுவிட வேண்டும். சிக்னல், ஜீப்ரா கோடு எல்லாம் அப்புறம்தான். சென்னையில் பாதிப் பேர் முழுசாக வீடு வந்து சேர்வது இந்தக் கண் ஜாடையால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, சந்திலிருந்து திரும்புவது நாலு பக்கமும் கறுப்பு ஒட்டிய எஸ்.யூ.வி.யாக இருந்தால்? யார் கண்ணைப் பார்ப்பது? நானும் கையை நீட்டிப் பார்த்துவிட்டேன். கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிகிறது. உள்ளே இருப்பவர் என்னைப் பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா, பின்சீட்டுக்குத் திரும்பிப் பேசிக்கொண்டிருக்கிறாரா? ஒன்றும் தெரியாது. நான் நிற்கலாமா, போகலாமா? பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். அவருக்கென்ன, அவர் மூஞ்சி எல்லாருக்கும் தெரிகிறது.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்காதீர்கள். ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தகர ஷீட் அடித்து, இருக்கிற ரோட்டையும் ஒடுக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். ஓரமாக நிற்கிற ஒவ்வொரு காரின் பின்கண்ணாடி வழியாகவும் நாம் ஒரு பார்வை விடுவோம். டிரைவர் சீட்டில் தலை தெரிகிறதா? தெரிந்தால் உஷார். அந்தத் தலை வலப்பக்கம் சாய்கிறதா? அப்படியானால் கதவு திறக்கப் போகிறது, பிரேக் மேல் விரல் போய்விடும். இது யோசித்துச் செய்வதில்லை, டூ வீலர் ஓட்டுகிற எல்லாருக்கும் கையோடு வந்துவிட்ட பழக்கம். கறுப்புக் கண்ணாடியில் தலையும் இல்லை, சாய்வும் இல்லை. திடீரென்று கதவு மட்டும் வரும்.

எனக்கு வந்தது. பிரேக் அடித்து, வண்டி ஒரு பக்கம் வழுக்கி, கால் ஊன்றி எப்படியோ நின்றுவிட்டேன். பின்னால் தண்ணி லாரி இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கதவைத் திறந்தவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னார்: “பாத்து வரக் கூடாதா தம்பி?”

பார்த்துத்தான் ஐயா வந்தேன். பார்ப்பதற்கு நீங்கள் எதையும் வைக்கவில்லையே!

அன்றைக்கு ராத்திரி வயிற்றெரிச்சல் தாங்காமல் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். படித்த பிறகு எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. ஏனென்றால் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி எண் 100. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதம். அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து கார் வரும்போதே இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரைகூடப் போட்டிருப்பார்கள். அதன் மேல்தான் நம் ஆட்கள் ஃபிலிம் ஒட்டுகிறார்கள்.

இது போதாதென்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கு. அந்த வருஷம் ஏப்ரல் 27ஆம் தேதி தீர்ப்பு. எத்தனை சதவீத ஃபிலிமாக இருந்தாலும் சரி, வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, கார் கண்ணாடியில் ஒட்டக் கூடாது, மே 4 முதல் அமல் என்றார்கள். மே 4! வழக்கமாகக் கத்திரி ஆரம்பிக்கிற நாள். நீதிபதிகளுக்கு நம்ம ஊர்ப் பஞ்சாங்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஜனங்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கோடையில் போலீஸ்காரர்கள் நடுரோட்டில் நின்று ஃபிலிமை உரித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஃபிலிம் கம்பெனிகள் மறுபடி கோர்ட்டுக்குப் போயின. ஆகஸ்டில் அதுவும் எடுபடவில்லை. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும், அதையும் உள்துறைச் செயலாளரும் போலீஸ் உயரதிகாரியும் உட்கார்ந்து பரிசீலித்து விலக்குக் கொடுக்கலாம் என்று ஏப்ரல் தீர்ப்பிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள்.

இசட் பிளஸ். கேட்டீர்களா? எங்கள் ஏரியாவில் மட்டும் எத்தனை இசட் பிளஸ் ஆசாமிகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், டெல்லிக்கே நம்மைப் பார்த்துப் பொறாமை வரும். ரியல் எஸ்டேட் புரோக்கருக்கு இசட் பிளஸ். கேட்டரிங் காண்ட்ராக்டருக்கு இசட் பிளஸ். வட்டச் செயலாளரின் மைத்துனருக்கு டபுள் இசட் பிளஸ்.

தீர்ப்பு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதே 2012 டிசம்பர் 16ஆம் தேதி ராத்திரி டெல்லி ரோடுகளில் ஒரு தனியார் பஸ் சுற்றியது. கறுப்புக் கண்ணாடி, அதற்கு மேல் திரை. உள்ளே அந்தப் பெண்ணுக்கு நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை. தலைநகரத்து ரோட்டில், அத்தனை போலீஸுக்கு நடுவே ஓடிய வண்டி. தடை அப்போதும் அமலில்தான் இருந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் எல்லா ஊரிலும் கெடுபிடி. அப்புறம்? அப்புறம் என்ன, நமக்குத் தெரியாததா.

என் தங்கை வீட்டுக்காரர் போன வருஷம் புது வண்டி எடுத்தார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி நசுக்கிய கையோடு ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பினார். “வாங்க மச்சான், கூலிங் ஃபிலிம் ஒட்டிட்டு வந்துடலாம்.” கூடப் போனேன். கடைப் பையன் ரோலை விரித்து வெயிலில் பிடித்துக் காட்டுகிறான். “இது ஃபிஃப்டி பர்சென்ட் சார். பக்கா லீகல். யாரும் கேக்க மாட்டாங்க.”

தம்பி, ஒரு நிமிஷம். கார் கண்ணாடி ஏற்கெனவே லேசான பச்சைதானே? அது முழு வெளிச்சத்தையும் விடாது. 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள். அதில் பாதியை உன் ஃபிலிம் விழுங்கிவிட்டால் உள்ளே போவது 37 சொச்சம். எங்கே ஐம்பது? பையன் என்னைப் பார்த்தான். பிறகு என் மாப்பிள்ளையைப் பார்த்தான். “சார் வாத்தியாருங்களா?” என்று கேட்டான். மாப்பிள்ளை எனக்காக மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சிரித்தார். ஃபிலிம் ஒட்டியாகிவிட்டது. ஃபிஃப்டிகூட இல்லை, “எதுக்கும் டார்க்காவே போட்டுடுங்க” என்று அதற்கும் கீழே போனார்.

ஏன் மாப்ளே என்று கேட்டேன். வெயில் மச்சான் என்றார். சரி, வெயில் நியாயம். மே மாதம் வெயிலில் நிறுத்திய காரில் ஏறினால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, சீட் பெல்ட் பக்கிள் சுடும். எனக்கும் வலிக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வேறு, சூடு வேறு. வெயிலின் சூட்டில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. அதைத் தடுக்கக் கறுப்பு தேவையே இல்லை. பார்க்கத் தெளிவாக இருந்துகொண்டே சூட்டைத் தடுக்கிற செராமிக் ஃபிலிம்கள் இருக்கின்றன. விலை கூட. மலிவான சாய ஃபிலிம் என்ன செய்கிறது? வெளிச்சத்தை மறைக்கிறது, தானும் சூடாகிறது, அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளேயே விடுகிறது. இரண்டு மூணு வருஷத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, கத்தரிக்காய் கலருக்கு வந்துவிடும். அப்போதும் உரிக்க மாட்டார்கள்.

வெயிலுக்கு என்றால் சரி, ராத்திரி? பின்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல், ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார் என் மாப்பிள்ளை. மழையானாலும் அதே கதிதான், தலை நனைகிறது. இப்போது அதற்கும் 360 டிகிரி கேமரா மாட்டியிருக்கிறார். புரிகிறதா? காசு கொடுத்துக் கண்ணாடியை மறைத்து, மறைத்ததால் தெரியாததைப் பார்க்க இன்னொரு தடவை காசு.

வற்புறுத்திக் கேட்டால் கடைசியில் உண்மை வெளியே வரும். “ஒரு கெத்து இருக்குல்ல மச்சான்?” அதானே! உள்ளே யார் என்று தெரியாவிட்டால் பெரிய ஆளாக இருக்குமோ என்று ஒரு பயம் வரும். கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். அந்தப் பயத்தைத்தான் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள்.

பயம் வேலையும் செய்கிறது. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு சாயங்காலம் வண்டிச் சோதனை. என் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட் என்று ஒவ்வொன்றாகப் போனில் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு டெலிவரி பையன், முதுகில் பெட்டியோடு, ஹெல்மெட் ஸ்ட்ராப் போடாததற்குக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அப்போது அது வந்தது. முன்னால் கொடி, உள்ளே ஒன்றும் தெரியாத கறுப்பு, நம்பர் பிளேட்டில் எழுத்தா எண்ணா என்று தெரியாத ஒரு அலங்காரம். கான்ஸ்டபிள் என் போனை என் கையிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய் பேரிகேடை இழுத்துவிட்டார். கை பாதி சல்யூட் வரைக்கும் போய், சந்தேகத்தில் நின்றது. உள்ளே இருப்பது எம்.எல்.ஏ.வா, எம்.எல்.ஏ.வின் டிரைவரா, டிரைவரின் பிள்ளையா? அவருக்கும்தான் தெரியவில்லை. பாவம், தெரியாத இடத்தில் சல்யூட் அடித்துவிடுவதுதான் டிரான்ஸ்ஃபர் வராமல் இருக்க வழி. திரும்பி வந்து என்னிடம், “எங்க விட்டோம்? ஆங், பொல்யூஷன்.”

கையில் அளக்கிற மீட்டர் இல்லை சார் என்பார்கள். கறுப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மீட்டர் எதற்கு? கண்ணாடியை இரண்டு இன்ச் இறக்கச் சொன்னால் போதும். ஃபிலிம் கண்ணாடியின் மேல் விளிம்பு வரைக்கும் போகாது, மயிரிழை அளவுக்கு ஒரு கோடு விட்டிருக்கும். அந்தக் கோடு தெரிந்தால் ஃபிலிம். இதற்கு விஞ்ஞானி வர வேண்டியதில்லை. இறக்கச் சொல்கிற தைரியம்தான் வேண்டும்.

அபராதம்? அந்தக் காலத்தில் 100 ரூபாய். 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவை 500, அடுத்த தடவை 1500. பல லட்ச ரூபாய் வண்டிக்காரருக்கு 500 ரூபாய் என்றால் ஒரு பார்க்கிங் டிப்ஸ். ஃபிலிமுக்கே அதைவிடப் பல மடங்கு கொடுத்திருப்பார். டெலிவரி பையனுக்கு அதே 500 என்றால் அன்றைய சம்பாத்தியத்தில் பெரும் பங்கு போய்விடும்.

இப்போது புதுசாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. “கோர்ட்டே ஃபிலிம் ஒட்டலாம்னு சொல்லிடுச்சே, தெரியாதா?” தெரியும். விதி 100ஐத் திருத்தி, பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியையும் அனுமதித்தார்கள், 2021 ஏப்ரலிலிருந்து அமல். அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விதிக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டியதற்காக அபராதம் போடக் கூடாது என்றது. விதிக்கு உட்பட்ட என்றால்? அதே 70, அதே 50. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து. நம் ஆட்கள் தீர்ப்பில் முதல் பாதியைப் படித்துவிட்டு நேராக ஜி.பி. ரோட்டுக்குப் போய்விட்டார்கள். என் மாப்பிள்ளை அந்தச் செய்தியை ஃபேமிலி குரூப்பில் போட்டு, கீழே என்னை டேக் பண்ணி, மூணு சிரிப்பு பொம்மை வேறு.

சிரிக்கட்டும். எனக்கு வேறொரு பயம் இருக்கிறது, அதை அவரிடம் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. நிறுத்தி வைத்த காருக்குள் விளையாட்டாக ஏறி, கதவைத் திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டு மூச்சுமுட்டிச் செத்துப்போன குழந்தைகளைப் பற்றி எத்தனை தடவை பேப்பரில் படித்திருக்கிறோம்? சாதாரணக் கண்ணாடி என்றால் போகிற வருகிற யாராவது ஒருத்தர் கண்ணில் படும். தட்டுகிற பிஞ்சுக் கை தெரியும். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு வாண்டுகள். சாவி மேஜைமேல்தான் கிடக்கும். தங்கை அன்றைக்கே சாவியைப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள். ஃபிலிமை மட்டும் உரிக்கவில்லை. “அவர் கேட்டாதானேண்ணா.”

உரிக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? ஆரம்பிப்பதென்றால் பெரிய இடத்து வண்டிகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொடி கட்டியது, ‘அரசு’ என்று எழுதியது, ‘பிரஸ்’, ‘வழக்கறிஞர்’, எல்லாம். ஒரே ஒரு வாரம், ஒரே ஒரு ஜங்ஷனில், கொடி வண்டியை நிறுத்தி “கண்ணாடிய இறக்குங்க சார்” என்று ஒருத்தர் சொல்லட்டும். ஜி.பி. ரோட்டில் மறுநாளே உரிக்கிற வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். ஒட்டின பையனே உரிக்கவும் காசு வாங்குவான், வாங்கிக்கொள்ளட்டும்.

அது நடக்கிற வரைக்கும், ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி வண்டி நின்றால் நான் ஒரு கதவு அகலம் தள்ளித்தான் ஓட்டுவேன். அதனால் நடுரோட்டில் மெதுவாகப் போகிறேன் என்று பின்னாலிருந்து திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.