ஆழ்கடல் வெள்ளியும் அடித்தள மாலுமியும்

கருநாடகத்தில் சராவதி ஆற்றங்கரையில் கெருசொப்பா என்றோர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் மிளகு வாணிகத்தால் செழித்த ஊர். அதனை ஆண்ட சென்னபைராதேவியைப் போர்த்துக்கீசியர் 'மிளகு அரசி' என்றே வழங்கினர். அவ்வூரின் பெயரைத் தாங்கி, 1919-இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் 'கெய்ர்சொப்பா' என்னும் சரக்குக் கப்பல் உருவாயிற்று. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது அது. நாகப்பட்டினத்திலிருந்து நம் முன்னோரைப் பினாங்குக்கு ஏற்றிச்சென்ற 'ரஜூலா'வும் இக்கம்பெனியின் கப்பலே.

1940 டிசம்பரில் தேயிலை, இரும்பு, வெள்ளிக் கட்டிகள் ஆகியவற்றுடன் கல்கத்தாவை நீங்கிய கெய்ர்சொப்பா, ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் போர்க்காலக் கப்பல் அணியொன்றில் சேர்ந்தது. வழியில் புயல் மோதியது, நிலக்கரியும் குறைந்தது. ஆகவே 1941 பிப்ரவரி நடுவில் அணியைப் பிரிந்து, அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் தனியே திரும்பியது. ஜெர்மானிய விமானம் ஒன்று அதனைக் கண்டு வட்டமிட்டது. அன்றிரவே யூ-101 என்னும் நீர்மூழ்கி ஏவிய குண்டு பாய்ந்தது. கப்பல் மூழ்குவதற்குப் பிடித்த நேரம் அரைமணிக்கும் குறைவு.

உயிர்ப்படகொன்று மட்டும் பதின்மூன்று நாள் அலைக்கழிந்து கார்ன்வால் கரையை அணுகியது. அதற்குள் குளிரும் தாகமும் அதிலிருந்தோருள் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. கரை கண்ணுக்கெட்டிய பொழுதில் படகும் கவிழ்ந்தது. கப்பலில் இருந்த எண்பதுக்கும் மேற்பட்டோருள் பிழைத்தவர் இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் ஒருவரே.

எழுபதாண்டுகள் எவரும் நெருங்காத அக்கப்பலை, 2011-இல் ஒடிசி என்னும் அமெரிக்க நிறுவனம் கண்டறிந்தது. ஆழம் ஏறத்தாழ 4,700 மீட்டர். 2012, 2013 ஆகிய ஈராண்டுகளில் 2,792 வெள்ளிக் கட்டிகள் மேலே வந்தன. அவற்றுள் ஒரு பகுதி பிரிட்டனில் நாணயங்களாகவும் வார்க்கப்பட்டது. வெள்ளியோடு எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்களும் கிடைத்தன. காற்றும் ஒளியும் புகாது அழுந்திக் கிடந்தமையால் அழியாதிருந்தன. 2018-இல் இலண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

வெள்ளிக்குக் கணக்கு இருக்கிறது. கடிதத்திற்குக் காட்சிக்கூடம் இருக்கிறது. கப்பலை ஓட்டியவர்க்கு? மாலுமிகளுள் மிகப்பலர் 'லஸ்கர்' எனப்பட்ட இந்தியர். படையைக் குறிக்கும் 'லஷ்கர்' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. ஆனால் படைவீரனுக்குரிய மதிப்போ, வெள்ளை மாலுமிக்குரிய ஊதியமோ அவர்க்கு வாய்க்கவில்லை. கல்கத்தாக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் கரி வாரியோர் பெரும்பாலும் சில்ஹட், நோவகாளிப் பகுதிகளின் முஸ்லிம் உழவர் மக்கள். 1939-இல் போர் மூண்டபோது கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த லஸ்கர்களுள் பலர் சிறைக்கும் சென்றனர். மீட்கப்பட்ட அஞ்சற்பைகளில் இவர்தம் குரலைத் தேடுவது வீண். அக்கடிதங்கள் மேற்கு நோக்கிச் சென்றவை. இவர்தம் வீடுகளோ கிழக்கே இருந்தன.

கடலில் மாண்டு கல்லறையற்றுப்போன வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களை இலண்டன் டவர் ஹில் நினைவுச்சின்னம் சுவரில் தாங்கி நிற்கிறது. இந்திய மாலுமிகளின் பெயர்களோ ஓர் ஏட்டில் எழுதப்பெற்று, பம்பாயிலும் சிட்டகாங்கிலுமாக இரு நகரங்களில் வைக்கப்பட்டுள்ளன. இவ்வேட்டைப் புரட்டியவர் நம்மில் எத்தனை பேர்? வெள்ளிக் கட்டியின் எடையை அவுன்சு பிசகாது எழுதும் நூலாசிரியர்கள் இம்மாலுமிகளை 'மற்றையோர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை வரலாறு என ஏற்க என்னால் இயலவில்லை.

மரக்கலம் செலுத்திப் பெயர்பெற்ற மரைக்காயர் மரபு நம்முடையது. சாரங்கு, தண்டல், சுக்கானி என்னும் சொற்கள் நம் கடற்கரை ஊர்களில் அன்றாடம் வழங்கியவை. போர்க்காலத்தில் கப்பலேறித் திரும்பாதவரைப் பற்றிய நினைவு இவ்வூர்களில் எந்த வீட்டிலேனும் எஞ்சியிருக்கலாம். அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் முதுமை எய்திவிட்டனர். நம் தமிழ்த்துறை மாணவர் இக்கோடை விடுமுறையிலேயே அவ்வீடுகளுக்குச் செல்லவேண்டும். பணிச்சான்றேடு, பழைய கடிதம், நிழற்படம் எதுவாயினும் படியெடுக்கவேண்டும். ஒன்றுமே இல்லாவிடில், பெயரையும் தந்தை பெயரையும் ஏறிய கப்பலையும் கேட்டெழுதி வந்தாலும் போதும்.