இரிடியம் பிளக் போட்டா மைலேஜ் ஏறுமா? கணக்கு பாருங்க!

"இரிடியம் ஸ்பார்க் பிளக் போடுங்க, பிக்கப், மைலேஜ் ரெண்டும் ஏறும்"னு சொன்னா உடனே பர்ஸை எடுக்காதீங்க. 4 பிளக்குக்குக் கூடுதலா 2,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். வருஷம் 10,000 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய்னா செலவு சுமார் 66,700 ரூபாய். போட்ட காசு ஒரே வருஷத்துல திரும்ப, மைலேஜ் சுமார் 3% கூடணும்.

தேய்ஞ்ச பிளக்கைக் கழட்டிட்டு எந்தப் புது பிளக் போட்டாலும் வண்டி நல்லாத்தான் ஓடும். அதனால முதல்ல புது சாதா பிளக் போடுங்க. ஃபுல் டேங்க் முதல் ஃபுல் டேங்க் வரை, மூணு தடவை மைலேஜ் எழுதி வைங்க. பிக்கப் அதுலயே திரும்பிட்டா 2,000 மிச்சம்!

டிராஃபிக், ஏசியாலயே மைலேஜ் 3%க்கு மேல ஏறி இறங்கும். இரிடியத்தோட உண்மையான பலன் ஆயுள்தான். நீண்ட நாள் உழைக்கணும்னா வாங்குங்க, மைலேஜுக்காக வேண்டாம்.